நியூட்ரலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு மின்தடை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மின்சாரம் இருக்கும்போது அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை, நின்றால்தான் தெரிகிறது. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் நம் நாட்டின் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. 31-ஆம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. தமிழகம் தப்பித்தது என்றாலும், அதே ஆண்டில் இங்கு நிலவிய நீண்ட நேர மின்வெட்டை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய வேளைகளில் அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் விளக்கையும், ஆலையின் தறியையும், குடிநீர் ஏற்றும் பம்பையும் காப்பாற்றுவது மாற்று ஏற்பாடாக நிற்கும் டீசல் ஜெனரேட்டரே ஆகும்.

சிறிய ஜெனரேட்டர்கள் 415 வோல்ட்டில் மின்சாரம் தருவன. கடைவீதிகளிலும் திருமண மண்டபங்களிலும் நாம் காண்பவை இவையே. பெரிய ஆலைகள், பெரிய மருத்துவமனைகள், கணிப்பொறி மையங்கள் ஆகியவற்றுக்கு இவை போதா. அங்கே 3,300 வோல்ட், 6,600 வோல்ட், 11,000 வோல்ட் எனும் நடுத்தர அழுத்தத்தில் இயங்கும் ஜெனரேட்டர்கள் நிறுவப்படுகின்றன. அழுத்தம் உயர்ந்தால் அதே திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் கொண்டு செல்லலாம். கேபிளின் பருமன் குறையும்.

அத்தகைய ஜெனரேட்டரின் அருகில் கம்பி வலையிட்ட இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அதற்குள் உலோகப் பட்டைகள் வளைந்து வளைந்து அடுக்கப்பட்டிருக்கும். ஓடும் பாகம் ஏதுமில்லை, விளக்கு எரிவதில்லை, ஓசையும் இல்லை. பல ஆண்டுகள் ஒரு வேலையும் செய்யாமலே அது நிற்கக்கூடும். ஜெனரேட்டரின் நியூட்ரலுக்கும் நிலத்துக்கும் நடுவே வைக்கப்பட்ட மின்தடை அது. அதன் பணி என்ன, அதன் அளவை எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஓமின் விதியை அறிந்த எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

நியூட்ரல் என்பது யாது?

மும்முனை ஜெனரேட்டரின் நிலையான பகுதியாகிய ஸ்டேட்டரில் மூன்று சுருள்கள் உள்ளன. நடுவே காந்தம் சுழலும்போது மூன்றிலும் மின்னழுத்தம் தோன்றுகிறது; ஆனால் ஒரே நேரத்தில் உச்சத்தை அடைவதில்லை. சுற்றில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் பெறுகின்றன. மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் கிடைக்கும் புள்ளியே நியூட்ரல். மறு முனைகள் மூன்றும் ஆர், ஒய், பி என வெளியே வருகின்றன.

நாம் 11,000 வோல்ட் என்று கூறுவது இரு முனைகளுக்கு இடையே உள்ள அழுத்தம். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளது அதை 1.732-ஆல் வகுத்தால் கிடைக்கும் 6,350 வோல்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இது தேவைப்படும்.

இனி, 2,500 கிலோவோல்ட்-ஆம்பியர் திறனுள்ள 11,000 வோல்ட் ஜெனரேட்டர் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முழுச் சுமையில் அதன் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 131 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இதன் நியூட்ரலை நிலத்தோடு இணைப்பதா, வேண்டாமா? இணைத்தால் எப்படி இணைப்பது?

முதல் வழி: இணைக்காமல் விடுதல்

'இணைப்பே இல்லாவிட்டால், ஒரு கம்பி தரையைத் தொட்டாலும் மின்னோட்டம் திரும்பி வர வழியில்லை; ஆகவே ஆபத்தும் இல்லை' என்று தோன்றும். மின்துறையின் தொடக்க காலத்தில் இவ்வாறே எண்ணிப் பல அமைப்புகளை நிலத்தொடர்பின்றி இயக்கினர். ஒரு முனை நிலத்தைத் தொட்டாலும் ஆலை நிற்காமல் ஓடியது. இதை ஒரு நன்மை என்றே கருதினர்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு ஒன்று அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு கேபிளும் ஒரு மின்தேக்கி. உள்ளே செப்புக் கம்பி, வெளியே நிலத்தோடு இணைந்த உலோக உறை, இடையே மின்காப்புப் பொருள். முதலாண்டு ஆய்வகத்தில் நாம் கண்ட இணைத்தகடு மின்தேக்கியின் நீண்ட வடிவமே இது. ஒரு கிலோமீட்டர் கேபிளில் முனைக்கு 0.3 மைக்ரோபாரட் மின்தேக்குத் திறன் இருப்பதாகக் கொண்டால், ஒரு முனை நிலத்தைத் தொடும்போது ஏறத்தாழ 1.8 ஆம்பியர் மின்னோட்டம் இந்த வழியே பாய்ந்துவிடும். இரண்டு கிலோமீட்டர் கேபிள் உள்ள ஆலையில் அது 3.6 ஆம்பியர்.

இதனால் விளையும் தீங்குகள் இரண்டு. முதலாவது, ஒரு முனை நிலத்தைத் தொட்டதும் மற்ற இரு நல்ல முனைகளும் நிலத்தைப் பொறுத்து 6,350 வோல்ட்டிலிருந்து 11,000 வோல்ட்டுக்கு உயர்கின்றன. அவற்றின் மின்காப்பு 1.732 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியதாகிறது. இரண்டாவது இதைவிடக் கொடியது. பழுது திடமாகத் தொடாமல் பொறியாகத் தொட்டுத் தொட்டு விலகினால், ஒவ்வொரு முறை பொறி அணையும்போதும் மின்தேக்கியில் மின்னூட்டம் சிக்கி நிற்கிறது. அது வடிய வழியில்லை. அடுத்த பொறி அதன்மேல் மேலும் ஏற்றுகிறது. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளத் தள்ள அது மேலும் மேலும் உயர்வது போல, அழுத்தம் படிப்படியாக ஏறி, இயல்பான அளவின் ஐந்தாறு மடங்கு வரை எட்டக்கூடும். பழுதே இல்லாத வேறோர் இடத்தில், நல்ல நிலையில் இருந்த மோட்டாரின் காப்பு கிழிந்துபோவது இதனால்தான்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பேராசிரியராக இருந்த வால்டெமர் பீட்டர்சன், முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தப் பொறியின் இயல்பை ஆராய்ந்தார். அதை அணைக்க நியூட்ரலில் ஒரு சுருளை வைக்கும் முறையையும் வகுத்தார். அச்சுருள் இன்றும் பீட்டர்சன் சுருள் என்றே வழங்குகிறது. நிலத்தோடு தொடர்பில்லாமல் இருப்பது பாதுகாப்பு அன்று என்ற உண்மை அக்காலத்திலேயே தெளிவாகிவிட்டது.

இரண்டாம் வழி: நேராக இணைத்தல்

அப்படியானால் தடித்த செப்புப் பட்டையால் நியூட்ரலை நிலத்தோடு நேராக இணைத்துவிட்டால் என்ன? நம் தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மரில் அப்படித்தானே செய்திருக்கிறார்கள்?

டிரான்ஸ்பார்மருக்குப் பொருந்துவது ஜெனரேட்டருக்குப் பொருந்துவதில்லை. காரணம் சுழலும் இயந்திரத்தின் அமைப்பில் இருக்கிறது. மூன்று முனைகளும் ஒருங்கே குறுக்கிணைந்தால், மூன்று சுருள்களின் காந்தப்புலங்களும் ஒன்றுசேர்ந்து சுழலும் புலமாகி மின்னோட்டத்தை வலுவாக எதிர்க்கின்றன. ஆனால் ஒரு முனை மட்டும் நிலத்தைத் தொடும்போது மின்னோட்டத்தின் ஒரு பகுதி மூன்று சுருள்களிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பாய்வதற்குச் சமமாகிறது. அப்பகுதியின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே எதிர்ப்பு மிகக் குறைவு.

இதன் விளைவைக் கணக்கில் காண்போம். நம் எடுத்துக்காட்டு இயந்திரத்தில், பழுது நேர்ந்த முதற்கணத்து எதிர்வினைப்பு 15 விழுக்காடு என்றும், மேற்சொன்ன ஒரே திசைப் பகுதிக்கான எதிர்வினைப்பு 5 விழுக்காடு என்றும் கொள்வோம். மூன்று முனைகளும் குறுக்கிணைந்தால் முழுச்சுமையைப் போல் 6.7 மடங்கு, அதாவது ஏறத்தாழ 875 ஆம்பியர் பாயும். ஒரு முனை மட்டும் நேராக நிலத்தைத் தொட்டாலோ 8.6 மடங்கு, அதாவது ஏறத்தாழ 1,125 ஆம்பியர்! ஒரு முனையில் ஏற்படும் பழுது மூன்று முனைப் பழுதைவிடப் பெரிதாகிவிடுகிறது. மின்னோட்டம் உண்டாக்கும் விசை அதன் இருபடிக்கு ஏற்ப உயர்வதை நாம் அறிவோம். ஜெனரேட்டர் செய்வோர் மூன்று முனைக் குறுக்கிணைப்பின் விசையைத் தாங்கும் அளவுக்கே சுருள்களை இறுக்கிக் கட்டுவது வழக்கம். அதற்கு மேற்பட்ட விசை வந்தால் சுருள்கள் வளைந்து பிய்ந்துபோகும்.

மூன்றாம் வழி: மின்தடை மூலம் இணைத்தல்

இணைக்காமலும் இருக்கக்கூடாது, நேராக இணைக்கவும் கூடாது. ஆகவே நடுவே ஒரு மின்தடையை வைத்து, பாயும் மின்னோட்டத்தை நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

கணக்கு எளிது. 100 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்றால், 6,350-ஐ 100-ஆல் வகுக்க 63.5 ஓம். 400 ஆம்பியர் போகலாம் என்றால் ஏறத்தாழ 15.9 ஓம். 5 ஆம்பியர் போதும் என்றால் 1,270 ஓம். முதலிரண்டும் குறைந்த தடை முறை. கடைசியில் உள்ளது உயர்ந்த தடை முறை. வழக்கில் குறைந்த தடை முறையில் 100 முதல் 400 ஆம்பியர் வரையிலும், உயர்ந்த தடை முறையில் 10 ஆம்பியருக்கு உட்பட்டும் வைத்துக்கொள்கின்றனர்.

நம் 2,500 கிலோவோல்ட்-ஆம்பியர் இயந்திரத்துக்கு எது பொருந்தும்? 400 ஆம்பியர் என்றால் மின்தடையில் மட்டும் 2,540 கிலோவாட் செலவாகும். அது இயந்திரத்தின் முழுத்திறனுக்கும் மேல். எஞ்சினே திணறி அதிரும். 100 ஆம்பியர் என்றால் 635 கிலோவாட். ஏறக்குறைய முழுத்திறனில் கால் பங்கு. ஆகவே இந்த அளவுள்ள இயந்திரத்துக்கு 100 ஆம்பியர் பொருத்தமானது.

உயர்ந்த தடை முறையில் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. மின்தடை வழியே பாயும் மின்னோட்டம், கேபிள்களின் மின்தேக்குத் திறனால் பாயும் மின்னோட்டத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் சிக்கிய மின்னூட்டம் அடுத்த பொறிக்கு முன் வடிந்துவிடும், ஊஞ்சல் உயராது. இரண்டு கிலோமீட்டர் கேபிளுக்கு 3.6 ஆம்பியர் என்று கண்டோம். ஆகவே 5 ஆம்பியர் மின்தடை அங்கே போதும். கேபிளின் நீளம் பத்துக் கிலோமீட்டர் ஆனால் 18 ஆம்பியர் தேவைப்படும். நடுத்தர அழுத்தத்தில் 10 ஆம்பியருக்கு மேற்பட்ட பொறி தானே அணைவது அரிது. ஆகவே பரந்த ஆலைகளுக்கு உயர்ந்த தடை முறை பொருந்துவதில்லை.

மனித உயிரின் கணக்கையும் இங்கே பார்த்துவிடுவோம். ஒரு மோட்டாரின் உடலை நிலத்தோடு இணைக்கும் கம்பியின் தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். அந்த மோட்டாரில் காப்பு கிழிந்து 1,125 ஆம்பியர் பாய்ந்தால், மோட்டாரின் உடலில் 112 வோல்ட்டுக்கு மேல் தோன்றும். 100 ஆம்பியர் மட்டும் பாய்ந்தால் 10 வோல்ட்தான். அந்த நேரத்தில் மோட்டாரின் மேல் கைவைத்திருக்கும் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

100 ஆம்பியர் மின்தடையில் 635 கிலோவாட் பத்து விநாடி பாய்ந்தால் 63.5 லட்சம் ஜூல் வெப்பம் உண்டாகும். இது ஏறத்தாழ 21 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. பத்து விநாடியில் இவ்வளவு வெப்பம் காற்றில் கலந்துவிட நேரமில்லை. ஆகவே முழுவதும் உலோகத்திலேயே தங்குவதாகக் கொள்ள வேண்டும். அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தர விதிப்படி பத்து விநாடி மின்தடையின் வெப்பநிலை 760 டிகிரி செல்சியஸ் வரை உயரலாம். உலோகத்தின் தன்வெப்பத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 19 கிலோ உலோகம் தேவை எனக் கிடைக்கிறது. இதே மின்னோட்டம் நாள் முழுவதும் பாய வேண்டும் என்றால் பெட்டி ஓர் அறை அளவு பெரிதாகிவிடும். பெயர்த் தகட்டில் '10 விநாடி' என்று பொறித்திருப்பதன் பொருள் இதுதான்: பத்து விநாடிக்குள் பிரேக்கர் பழுதைத் துண்டித்தே ஆக வேண்டும்; இல்லையேல் மின்தடையே எரிந்துபோகும்.

இதற்குச் செம்பைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயர்கிறது. 760 டிகிரி ஏறினால் தடை நான்கு மடங்காகும், மின்னோட்டம் கால் பங்காகச் சுருங்கிவிடும், ரிலே ஏமாந்துபோகும். நிக்கல்-குரோமியக் கலப்பு உலோகத்தின் தடை அவ்வளவு வெப்பத்திலும் சிறிதளவே மாறுகிறது. ஆய்வகத்தில் தன்தடையையும் வெப்பநிலை எண்ணையும் அளக்கும்போது 'இதனால் என்ன பயன்?' என்று நம்மில் பலர் நினைத்ததுண்டு. அதன் பயன் இங்கே இருக்கிறது.

என் தந்தையார் ஓர் ஆலையில் மின்பணியாளர். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன். ஆண்டுப் பராமரிப்பின்போது அவர் இந்தப் பெட்டியை மீட்டரில் அளந்தபோது முள் அசையவே இல்லையாம். உள்ளே ஓர் இணைப்புத் துருப்பிடித்து அறுந்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "பொட்டி அறுந்து கெடந்தும் ஜெனரேட்டர் நல்லாத்தானேப்பா ஓடுச்சு. அப்ப இது எதுக்கு?" நியாயமான கேள்வி. விடை இதுதான்: அத்தனை மாதமும் அந்த இயந்திரம் முதல் வழியில், அதாவது இணைப்பே இல்லாமல் ஓடியிருக்கிறது. பழுது எதுவும் நேராததால் தப்பியது. எர்த் ரிலே இருந்தும் அது குருடாகவே இருந்திருக்கும். ஏனெனில் அது காண வேண்டிய 100 ஆம்பியர் பாய வழியே இல்லை. வேலை செய்யாமல் நிற்கும் பொருள் கெட்டுப்போனால் வெளியே தெரியாது. ஆகவே அதை அளந்து பார்ப்பது ஒன்றே வழி. மின்தடையின் தொடர்ச்சியை எந்நேரமும் கண்காணித்து எச்சரிக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன.

பிரேக்கர் திறந்த பிறகும்!

இனிக் கூறப்போவது பலரும் கவனிக்காத செய்தி. வீட்டில் பழுது நேர்ந்தால் பியூஸ் போகிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது. ஜெனரேட்டரிலும் பிரேக்கர் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றே எண்ணுகிறோம். பழுது வெளியே கேபிளிலோ மோட்டாரிலோ இருந்தால் அது சரி. பழுது ஜெனரேட்டரின் சுருளுக்குள்ளேயே இருந்தால்?

பிரேக்கர் திறந்ததும் வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் நிற்கும். ஆனால் சுழலகம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் காந்தமும் உடனே மறைவதில்லை. ஆகவே சுருளில் அழுத்தம் தொடர்ந்து தோன்றுகிறது. நியூட்ரல், மின்தடை, நிலம், இயந்திரத்தின் இரும்பு, பழுதுற்ற சுருள், மீண்டும் நியூட்ரல் என ஒரு வட்டம் பிரேக்கருக்கு உட்புறமே முழுமையாக இருக்கிறது. அந்த வட்டத்தைத் துண்டிக்கப் பிரேக்கரால் இயலாது.

எவ்வளவு சேதம் எங்கே நிகழ்கிறது எனக் கணக்கிடுவோம். ரிலேயும் பிரேக்கரும் சேர்ந்து 0.12 விநாடி எடுத்துக்கொள்வதாகவும், அதன்பின் காந்தம் ஒரு விநாடிக் காலமாறிலியோடு குறைந்து மறைவதாகவும் கொள்வோம். சேதத்தை மின்னோட்டத்தின் இருபடி, காலம் ஆகியவற்றின் பெருக்கலாக அளந்தால், பிரேக்கர் திறக்கும் முன் 0.12 பங்கு, திறந்த பின் 0.5 பங்கு. அதாவது மொத்தச் சேதத்தில் ஐந்தில் நான்கு பங்கு பிரேக்கர் திறந்த பிறகே நிகழ்கிறது!

சேதமடைவது செப்புச் சுருள் மட்டுமானால் கவலை குறைவு. காயில் கட்டும் தொழிலாளர்கள் அதை மீண்டும் கட்டிவிடுவார்கள். ஆனால் பொறி தாக்குவது சுருள் அமர்ந்திருக்கும் இரும்பையும்தான். அந்த இரும்பு ஒரே கட்டி அன்று. ஒன்றுக்கொன்று மின்காப்புப் பூசிய மெல்லிய தகடுகளின் அடுக்கு. சுழல் மின்னோட்டத்தைத் தடுக்கவே அவ்வாறு செய்கிறார்கள். பொறியின் வெப்பத்தில் தகடுகளின் விளிம்புகள் உருகி ஒட்டிக்கொண்டால், அவ்விடத்தில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து மீண்டும் மீண்டும் சூடேறும். புதிதாகக் கட்டிய சுருளும் அங்கே எரிந்துபோகும். தகடுகளைப் பிரித்து அடுக்குவதோ மாதக்கணக்கான, பெரும் செலவு பிடிக்கும் வேலை. அதுவரை அந்த மருத்துவமனைக்கு மாற்று மின்சாரம் இல்லை.

இதற்குத் தீர்வாக அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் பணிக்குழு ஒன்று 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் கலப்பு முறை ஒன்றை விளக்கியது. நியூட்ரலில் இரு மின்தடைகள் பக்க இணைப்பில் வைக்கப்படுகின்றன. ஒன்று 5 ஆம்பியருக்கான உயர்ந்த தடை; இது எப்போதும் இணைந்திருக்கும். மற்றொன்று 100 ஆம்பியருக்கான குறைந்த தடை. இது ஒரு சுவிட்சின் வழியே இணைந்திருக்கும். சாதாரணக் காலத்தில் இரண்டும் சேர்ந்து இருப்பதால், வெளியே பழுது நேர்ந்தால் ரிலே கண்டுபிடிக்கப் போதிய மின்னோட்டம் கிடைக்கிறது. பழுது ஜெனரேட்டருக்கு உள்ளே என்று ரிலே கண்டறிந்தாலோ, பிரேக்கரைத் திறக்கும்போதே அந்தச் சுவிட்சையும் திறந்துவிடுகிறது. எஞ்சுவது 5 ஆம்பியர் மட்டும். மின்னோட்டம் இருபதில் ஒரு பங்கானால் அதன் இருபடி நானூறில் ஒரு பங்கு. பிரேக்கர் திறந்த பின் நிகழ வேண்டிய சேதம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. நியூட்ரலோ ஒரு கணமும் நிலத்தொடர்பை இழப்பதில்லை. சுவிட்ச் ஒன்றைச் சேர்த்ததால் கிடைத்த நன்மை இது.

பல இயந்திரங்கள் சேர்ந்து இயங்கும்போது

பெரிய இடங்களில் இரண்டு மூன்று ஜெனரேட்டர்கள் ஒரே பஸ்பாரில் சேர்ந்து இயங்கும். ஒவ்வொன்றுக்கும் 100 ஆம்பியர் மின்தடை இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து பழுதில் 300 ஆம்பியர் பாயும். ஓர் இயந்திரம் ஓடும்போது ஓரளவு, மூன்று ஓடும்போது வேறளவு என்று மாறுவதால் ரிலேக்களின் அளவைத் தீர்மானிப்பதும் கடினமாகிறது.

மற்றொரு சிக்கல் மூன்றாம் சீரிசை. நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டரின் அழுத்தம் சரியான சைன் வளைவாக இல்லாவிடில் அதில் 150 ஹெர்ட்ஸ் பகுதியும் கலந்திருக்கும். இப்பகுதி மூன்று முனைகளிலும் ஒரே நேரத்தில் எழுந்து அடங்குவதால் நியூட்ரலில் அழிவதில்லை, கூடுகிறது. வெவ்வேறு விதமாகச் சுருள் கட்டிய இரு ஜெனரேட்டர்களின் நியூட்ரல்களை நேராக இணைத்தால், இந்த மின்னோட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வீணாகச் சுற்றி வந்து சூடேற்றும். சுருளின் அகலத்தை மூன்றில் இரண்டு பங்காக அமைத்தால் மூன்றாம் சீரிசை தோன்றுவதில்லை. நடுவே உள்ள மின்தடையும் அதைக் கட்டுப்படுத்துகிறது. சில இடங்களில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உயர்ந்த தடை வைத்து, பஸ்பாருக்கு மட்டும் தனி டிரான்ஸ்பார்மர் வழியே ஒரே குறைந்த தடை வைக்கின்றனர்.

மாற்று ஜெனரேட்டருக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் வரும்போது துணைமின் நிலைய டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் நிலத்தொடர்பைத் தருகிறது. அந்த மின்சாரம் நின்று, உள்வரும் பிரேக்கர் திறந்ததும் அத்தொடர்பும் போய்விடுகிறது. ஜெனரேட்டர் தனக்கென ஒரு நிலத்தொடர்பைக் கொண்டு வராவிட்டால், ஆலை முழுவதும் தெரியாமலே தொடர்பற்ற நிலைக்குப் போய்விடும்.

கேபிள் வாங்கும்போதும் இதை நினைக்க வேண்டும். நம் நாட்டில் 11,000 வோல்ட் கேபிள்கள் இரு வகையாகக் கிடைக்கின்றன. 6.35/11 என்று குறித்தவை நேராக நிலத்தொடர்பு பெற்ற அமைப்புகளுக்கானவை. 11/11 என்று குறித்தவை அவ்வாறு இல்லாதவற்றுக்கானவை. மின்தடை வழியே இணைத்த அமைப்பிலும் பழுதின்போது நல்ல முனைகள் 11,000 வோல்ட் வரை உயர்கின்றன. ஆகவே விலை மலிவு என்று முதல் வகையைத் தேர்ந்தெடுப்பது சிக்கனம் ஆகாது.

முடிவுரை

மிகக் குறைந்த மின்னோட்டம் பாய்ந்தால் ரிலேக்குத் தெரியாது; மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால் இயந்திரம் தாங்காது. இவ்விரண்டுக்கும் இடையே உரிய அளவைத் தேர்ந்து வைப்பதே நியூட்ரல் மின்தடையின் தத்துவம். அந்த அளவைக் கேபிளின் நீளம், இயந்திரத்தின் திறன், உலோகத்தின் தன்வெப்பம் ஆகியவை கூடி முடிவு செய்கின்றன.

இந்தக் கருவிகளை நாள்தோறும் கையாளும் தொழிலாளர்கள் பலர் ஆங்கிலக் கையேடுகளைப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள். எதற்காக ஒரு பொருள் வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அறுந்துபோன பெட்டியை எவரும் அப்படியே விட்டு வைக்க மாட்டார்கள். அறுந்த இடத்தைத் தடித்த கம்பியால் நேராக இணைத்துவிடவும் மாட்டார்கள். நாம் கல்லூரியில் கற்கும் இயற்பியலைத் தமிழில் அவர்களிடம் கொண்டு சேர்ப்பது, படிக்கும் வாய்ப்புப் பெற்ற நம் கடமை. நண்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் தொழிலிலுள்ள ஒரு கருவியை எடுத்துக்கொண்டு இவ்வாறு எழுதினால், இம்மலரின் அடுத்த இதழ்கள் பலருக்கும் பயன் தரும் என்பதில் ஐயமில்லை.